ஸ்போர்ட்ஸ் கார் ஆப்ஷன் லிஸ்ட்: பெங்களூரில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காக்ஸ் டவுனில் காருக்குப் பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். புது வண்டி டெலிவரி எடுத்த மறுநாள் பலர் நேராக இங்கேதான் வருவார்கள். ஆறு மாதம் கழித்து அதே வண்டி கீறலோடு திரும்பி வரும்போதும் நான்தான் பார்க்கிறேன். அதனால் ஆர்டர் போடும்போது எதை ஆசையாக டிக் அடித்தார்கள், பிறகு எதை விட்டுவிட்டோமே என்று புலம்புகிறார்கள், இரண்டும் எனக்குத் தெரியும்.

அல்சூர், கோரமங்களா, ஓசூர் பக்கமிருந்து தமிழ் ஆட்கள் வாட்ஸாப்பில் கேட்டவற்றை, கேட்ட பேச்சிலேயே கீழே போட்டிருக்கிறேன். உதாரணம் பெரும்பாலும் போர்ஷே 911. என் கடைக்கு அதிகம் வருவது அதுதான், வேறு காரணமில்லை.

அண்ணா, ஆப்ஷன் லிஸ்டைப் பார்த்தாலே தலை சுத்துது. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

ஒவ்வொரு வரிக்கும் நேராக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதைப் பிறகு போட முடியுமா? முடியாது என்றால் அதை முதலில் யோசியுங்கள். முன்பக்கம் தூக்கும் லிஃப்ட், பின் சக்கரமும் திரும்பும் வசதி, சீட், பெயின்ட், கார்பன் கூரை, பிரேக் வகை எல்லாம் இந்தப் பக்கம். ஃபாக்டரியில் விட்டால் விட்டதுதான்.

ரிம், ஃபிலிம், ஸ்டிக்கர், கால் மேட், உள்ளே ஒட்டும் கார்பன் துண்டுகள் எல்லாம் அந்தப் பக்கம். அடுத்த தீபாவளிக்குக்கூடப் போடலாம். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். சீட் தையலுக்கு என்ன நிற நூல் என்று இரண்டு வாரம் யோசித்துவிட்டு, லிஃப்டைப் பற்றிக் கடைசி நாளில் அரை நிமிஷம் பேசுகிறார்கள்.

லிஸ்ட்ல 4 லட்சம்னு இருக்கற ஆப்ஷன் கடைசியில எவ்வளவு ஆகும்?

முதலில் அந்த 4 லட்சம் வரி சேர்த்த விலையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சேர்த்தது என்றாலும் அதோடு முடியாது. ஃபாக்டரி ஆப்ஷன் கார் இன்வாய்ஸில் ஏறும். இன்வாய்ஸை வைத்துத்தான் ரோடு டாக்ஸ். கர்நாடகத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட பெட்ரோல் காருக்கு ஆயுட்கால வரி 18%. 4 லட்சத்துக்கு 72,000; அதன் மேல் செஸ். ஆக 80,000 பக்கம் கூடுதல். இன்சூரன்ஸும் அதற்கேற்ப ஏறும். டிசிஎஸ் என்று விற்பவர் முன்கூட்டியே 1% வரி பிடிப்பார், அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

ஜெர்மனியில் இருக்கும் மச்சான் "இங்க இது பாதி விலை கூட இல்லையே" என்பார். சரிதான். 40,000 டாலருக்கு மேற்பட்ட முழு இறக்குமதி காருக்குச் சுங்கம் எல்லாம் சேர்த்து 110% என்று வைத்துப் பாருங்கள்: 100 ரூபாய்ப் பொருள் 210 ஆகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய காருக்கு ஜிஎஸ்டி 40%, அது 294. அதன் மேல் ஆயுட்கால வரி போட்டால் ஏறத்தாழ 347. கப்பு வைக்கும் ஸ்டாண்டு முதல் கார்பன் கூரை வரை எல்லாம் இந்தக் கணக்கில்தான் வருகிறது.

அப்ப வரி குறைவுன்னு பாண்டிச்சேரி நம்பர் போட்டுடலாமே?

நீங்கள் குடியிருப்பதும் ஓட்டுவதும் பெங்களூர் என்றால் வேண்டாம். 2025 பிப்ரவரியில் இங்கே போக்குவரத்துத் துறை, கர்நாடக வரி கட்டாத வெளிமாநிலச் சொகுசு கார்கள் 30-ஐப் பிடித்தது. ஃபெராரி, போர்ஷே எல்லாம் அதில் இருந்தன. வரியும் அபராதமும் கட்டித்தான் வெளியே எடுக்க முடியும். தமிழ்நாட்டில் போடலாம் என்றால் அங்கே 20 லட்சத்துக்கு மேல் வரி 20%, லாபமே இல்லை.

முன்பக்கம் தூக்குற லிஃப்ட் நிஜமாவே வேணுமா? டீலர் விக்கறதுக்காகச் சொல்றாரா?

டீலர் சொல்வதில் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது இது ஒன்றைத்தான். பட்டனை அழுத்தினால் 911-இன் மூக்கு 40 மி.மீ. அளவுக்கு ஏறும். நாலு விரல் அகலம் கூட இல்லை. ஆனால் இந்த ஊரில் பம்பர் உதடு தப்புவதும் தேய்வதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. சாலைத் தரம் வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். மெதுவாக ஏறினால் எந்தக் காரும் தாண்டும். நம் தெருவில் ராத்திரியோடு ராத்திரியாக யாரோ கொட்டிவிட்டுப் போவது அதே உயரம், முக்கால் மீட்டர் அகலம். அதை எந்தப் புத்தகமும் கணக்கில் எடுக்கவில்லை.

ஒரு விஷயம் ஷோரூமில் சொல்லமாட்டார்கள். லிஃப்ட் மூக்கைத்தான் தூக்கும், வயிற்றை அல்ல. பேஸ்மென்டிலிருந்து ஏறி ராம்ப் முடியும் உச்சியில் தட்டுவது இரண்டு சக்கரங்களுக்கும் நடுப்பகுதி. அதனால் புக் பண்ணுவதற்கு முன் டெமோ காரை உங்கள் அபார்ட்மென்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒருவர் ஆமை வேகத்தில் ஓட்ட, இன்னொருவர் செல்போன் டார்ச்சோடு தரையோடு தரையாகக் குனிந்து பார்க்க வேண்டும். செக்யூரிட்டி சிரிப்பார், பரவாயில்லை. ராம்ப் அகலமாக இருந்தால் கொஞ்சம் குறுக்காக ஏறிப் பார்க்கலாம். அப்படியும் உரசினால் நீங்கள் யோசிக்க வேண்டியது ஆப்ஷனை அல்ல, காரை.

புது மாடல்களில் இடத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு தானாகத் தூக்கும் வசதி வருகிறது. ஒருமுறை வீட்டு வாசலில் சொல்லிக்கொடுத்தால் போதும். மறதிக்காரர்களுக்கு, அதாவது என்னைப் போன்றவர்களுக்கு, அருமையான விஷயம்.

பின் சக்கரம் திரும்பறதெல்லாம் ரேஸ் ஓட்டறவங்களுக்குத் தானே?

மெதுவாகப் போகும்போது பின் சக்கரம் முன் சக்கரத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் திரும்பும். வண்டி சின்னதாகிவிட்டது போல வளையும். வேகத்தில் அதே பக்கம் திரும்பி நிலையாக நிற்கும். நந்தி மலை வளைவில் இரண்டாவதை ரசிக்கலாம். தினமும் பயன்படுவது என்னவோ பேஸ்மென்ட் தூணுக்கு நடுவில் முதலாவதுதான். பிறகு போட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வீல் சைஸ் 20, 21-ன்னு பெருசா எடுத்தாதான் லுக்கு. எடுக்கலாமா?

லுக்குதான், மறுக்கவில்லை. கணக்கு மட்டும் சொல்கிறேன். 992 என்ற தலைமுறை 911-இன் சாதா வகையான கரேராவில் பின் டயர் 295/35 ஆர்20. அகலம் 295 மி.மீ.; ரப்பர் சுவரின் உயரம் அதில் 35%, அதாவது 103 மி.மீ. கரேரா எஸ் காரில் 305/30 ஆர்21. சுவர் 91 மி.மீ. சொச்சம். அந்த 12 மி.மீ.தான் மழைத்தண்ணீருக்கு அடியில் ஒளிந்திருக்கும் பள்ளத்துக்கும் உங்கள் ரிம்முக்கும் நடுவில் இருந்த தலையணை.

இந்த வண்டிகளில் ஸ்டெப்னி கிடையாது, பசை அடைக்கும் கிட் மட்டும்தான். ஆணி குத்தினால் அது உதவும். சுவர் கிழிந்தால் உதவாது, ஃப்ளாட்பெட் கூப்பிட வேண்டியதுதான். தேர்வு இருந்தால் சின்ன வீலை எடுங்கள். டயர் மாற்றும்போது பக்கவாட்டில் 'என்' எழுத்தோடு ஒரு எண் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். போர்ஷே தன் காருக்கு ஒப்புக்கொண்ட டயர் என்பதற்கான அடையாளம் அது.

செராமிக் பிரேக் போட்டே ஆகணும்னு ஃப்ரெண்ட் சொல்றான்.

நண்பர் டிராக்கில் ஓட்டுகிறாரா, இல்லை சர்ச் ஸ்ட்ரீட்டில் காபி குடிக்கப் போகிறாரா? செராமிக் டிஸ்க் இரும்பு டிஸ்க்கில் பாதி எடைதான். சக்கரத்தோடு சுழலும் எடை குறைவதால் வண்டி துள்ளலாக இருக்கும். துரு பிடிக்காது, ரிம்மில் கறுப்புத் தூள் அதிகம் படியாது. இவையெல்லாம் உண்மை.

ஆனால் சக்கரத்தைக் கழற்றும்போது ரிம் சரிந்து டிஸ்க் ஓரத்தில் இடித்தால் சில்லு பெயர்ந்துவிடலாம். மாற்று விலையைக் கேட்டால் மயக்கம் வரும். வழியில் பஞ்சர் கடைப் பையன் நல்லவன்தான், ஆனால் அவனிடம் அந்தக் காரின் போல்ட்டை ஒப்படைக்க மனசு வருமா? இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கோ கோயம்புத்தூர் காரி ஸ்பீட்வேக்கோ அடிக்கடி போகிறவர்களில் சிலர்கூட, தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று இரும்பையே வைத்துக்கொள்கிறார்கள். ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு இது தேவையில்லை என்பது என் கருத்து. அந்தப் பணத்தில் லிஃப்டும் சீட்டும் வந்துவிடும்.

சரி, சாதா பிரேக் எடுத்துட்டு கேலிப்பருக்கு மஞ்சள் பெயின்ட் மட்டும் அடிச்சுக்கலாமா?

போர்ஷேயில் கேலிப்பர், அதாவது டிஸ்க்கைக் கவ்வும் பகுதி, மஞ்சள் என்றால் செராமிக் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவர்கள் அடுத்ததாக டிஸ்க்கைத்தான் பார்ப்பார்கள். கல்யாண வீட்டில் கவரிங் போட்டுக்கொண்டு நகைக்கடைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்த கதை ஆகிவிடும். கறுப்பு நன்றாக இருக்கும்.

என்ன கலர் எடுக்கலாம்? வீட்ல எல்லாரும் வெள்ளைங்கறாங்க.

வெயிலில் சூடு குறைவு, தூசி தெரியாது, வெள்ளையில் தப்பில்லை. ஃபிலிம் ஒட்டுகிறவனாக ஒன்று சொல்வேன்: மட்டமான ஃபிலிம் மஞ்சளித்தால் முதலில் காட்டிக்கொடுப்பது வெள்ளை. கறுப்பு நேர் எதிர். டெலிவரி அன்று கண்ணாடி, மூன்றாவது தண்ணி வாஷில் சிலந்தி வலை. துடைக்கும் துணியில் ஒட்டிய மண் துகள் போடும் வட்டக் கீறல்தான் அந்த வலை. டிரைவர் ஈரத்துணியால் துடைக்கும் வீட்டில் கறுப்பு எடுக்காதீர்கள்.

கம்ப்யூட்டர் திரையில் நிறம் முடிவு செய்யாதீர்கள். அதே நிறத்தில் ஓடும் வண்டி எங்கே இருக்கிறது என்று கேட்டு, சாயங்காலம் 5 மணி வெயிலில் நேரில் பாருங்கள். வரலாறு பிடிக்கும் என்றால் பழைய ரேஸ் நிறங்கள் இருக்கின்றன: இத்தாலிக்குச் சிவப்பு, இங்கிலாந்துக்குப் பச்சை, பிரான்சுக்கு நீலம், ஜெர்மனிக்கு வெள்ளையும் பிறகு வெள்ளியும். ஃபெராரி சிவப்பாக இருப்பது அந்த வழக்கத்தால்தான். கடும் பச்சை 911 ஒன்று என் கடைக்கு வரும். பக்கத்துப் பேக்கரியிலிருந்து ஆள் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போவார். வெள்ளைக்கு இதுவரை யாரும் எழுந்ததில்லை.

மேட் ஃபினிஷ் எடுத்தா பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைக்கலாமா? அம்மா விடமாட்டாங்க.

சிரிக்கிற கேள்வி இல்லை, வருஷா வருஷம் ஆயுத பூஜை முடிந்த வாரம் இதே பஞ்சாயத்துதான். பளபளப்பான பெயின்டில் கறை பிடித்தால் மெல்ல பாலிஷ் போட்டு எடுக்கலாம். பளபளப்பில்லாத மேட் பெயின்டில் பாலிஷ் போட்டால் அந்த இடம் மட்டும் பளபளக்கும். அதைத் திரும்ப மங்கலாக்க வழி கிடையாது, அந்தப் பேனல் முழுக்க மறுபடி அடிக்க வேண்டும். ஒரு சாம்பல் நிற மேட் காரின் பானெட்டில் மூன்று விரல் பட்டையாக இழுத்த மஞ்சள் தடம் இருந்தது. நடுவிரல் தடம் கொஞ்சம் நீளம். வேறு எதுவும் பலிக்காமல், அதன் மேலேயே வேறு நிற ஃபிலிம் ஒட்டினோம்.

வழி இருக்கிறது. பொட்டை முன் கண்ணாடியில் வைத்துவிடுங்கள், கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. மாலை கம்பியில் கட்டாமல் நூலில் கட்டச் சொல்லுங்கள். எலுமிச்சை டயருக்கு அடியில்தானே, தாராளமாக. பூசணிக்காயை மட்டும் பத்தடி தள்ளி உடையுங்கள். மைசூர் ரோடு காளி ஆஞ்சநேயர் கோயிலில் புது வண்டி பூஜைக்கு எப்போதும் கூட்டம். முன்கூட்டியே பூசாரியிடம் "சாமி, கண்ணாடியில மட்டும்" என்று சொன்னால் கேட்டுக்கொள்வார். பளபளப்பான வண்டியிலும் அன்று சாயங்காலமே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள், மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

பிடிக்கலைன்னா பின்னாடி ராப் பண்ணிக்கலாம்ல?

நிற ஃபிலிம் ஒட்டலாம், கழற்றலாம். ஆனால் ஆர்சியில் இருக்கும் நிறமும் ரோட்டில் தெரியும் நிறமும் வேறாக இருந்தால் போலீஸ் நிறுத்தும்போது பதில் சொல்ல வேண்டும். நிறம் மாற்றினால் ஆர்டிஓவில் சொல்லி ஆர்சியில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒளி ஊடுருவும் ஃபிலிமுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஜிடி3 மாதிரி பெரிய விங் வெச்சா நல்லா இருக்குமே?

காற்று காரைக் கீழே அழுத்தும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். டிராக்குக்கென்றே செய்த 911 வகையான 992 ஜிடி3 ஆர்எஸ் முழுக் காருக்கும் சேர்த்து மணிக்கு 200 கி.மீ.யில் 409 கிலோ, 285-இல் 860 கிலோ என்கிறது போர்ஷே. இதையே 80-க்குக் கணக்குப் போட்டால் 65 கிலோ சொச்சம். அவுட்டர் ரிங் ரோட்டில் 80 போவதே அதிசயம்.

வெளியில் வாங்கி மாட்டுவது இன்னும் மோசம். பின்பக்கம் மட்டும் அழுத்தினால் வேகத்தில் முன்பக்கம் லேசாகும். ஃபாக்டரியில் முன், பின், அடிப்பகுதி மூன்றையும் ஒன்றாகக் கணக்குப் போட்டுத்தான் வைக்கிறார்கள். சட்டமும் உங்கள் பக்கம் இல்லை: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. விங் இல்லாமலே அழகு வேண்டுமா, ஜிடி3-இன் டூரிங் பேக்கேஜைப் பாருங்கள். 2017-இல் முதலில் வந்தது. நிலையான விங் கிடையாது. எனக்கு அதுதான் பிடித்த 911.

எக்ஸாஸ்ட்டைப் பின்னாடி போட்டுக்கறேன், ஃபாக்டரியில எதுக்கு?

முதல் பதிலில் சொன்ன விதிக்கு இது விலக்கு. பிறகு மாட்ட முடியும், ஆனால் மாட்டக் கூடாது. ஃபாக்டரி ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்ட் சத்தத்துக்கும் புகைக்கும் அனுமதி வாங்கி வருவது. வெளியில் மாட்டுவதற்கு, மேலே விங்குக்குச் சொன்ன அதே பிரிவு பொருந்தும். வாரன்டியும் சண்டையில் முடியும். காலை 6 மணிக்கு அபார்ட்மென்ட் வாட்ஸாப் குரூப்பில் உங்கள் பெயர் வருவது தனி.

கண்ணாடிக்கு லைட்டா டின்ட்?

நான் ஒட்டுவதில்லை, கேட்டால் கோபித்துக்கொண்டு போகிறார்கள். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஃபிலிம் ஒட்டக் கூடாது என்றது. இங்கே ரோட்டில் நிறுத்தினால் அதைத்தான் பேசுவார்கள். ஃபாக்டரியிலேயே நிறமேற்றிய கண்ணாடி வேறு விஷயம்: முன், பின் கண்ணாடியில் 70% வெளிச்சமும் பக்கத்தில் 50% வெளிச்சமும் ஊடுருவ வேண்டும். வெப்பம் தடுக்கும் கண்ணாடி லிஸ்டில் இருந்தால் டிக் அடியுங்கள்.

பக்கெட் சீட் செம்மயா இருக்கு. தினமும் ஓட்ட முடியுமா?

உங்களால் முடியும். கேள்வி பக்கத்தில் உட்காரப்போகிறவரைப் பற்றியது. கார்பன் பக்கெட்டின் ஓரம் முழங்கால் உயரத்தில் ஒரு சுவர் மாதிரி நிற்கும். முதுகு சாய்க்க முடியாது. ஒருவர் அம்மாவைப் பட்டுப் புடவையில் சோமேஸ்வரர் கோயிலுக்கு அழைத்துப்போனார். ஏறுவதற்கு அந்த அம்மா ஒரு காலை உள்ளே வைத்து, கதவைப் பிடித்து, கொசுவத்தைக் கையில் சுருட்டி, "நீ போடா, நான் ஆட்டோல வரேன்" என்றுவிட்டார்.

18 விதமாக அசைக்கும் சீட் எடையில் அதிகம்தான், ஆனால் ஓரத்தைத் தளர்த்திக்கொள்ளலாம். காற்று வரும் வசதி கண்டிப்பாக. சூடாக்கும் வசதியை விட்டுவிடுங்கள். அல்கன்டாரா (மெத்தென்ற தோல் போன்ற துணி) ஸ்டியரிங் வேண்டாம், வியர்வையில் இரண்டு வருஷத்தில் வழுவழுப்பாகி எண்ணெய்த் தலையணை போல ஆகிவிடும். தோலே போதும்.

விக்கும்போது ஆப்ஷன் போட்ட காசு திரும்ப வருமா?

முழுசாக வராது. வாங்குகிறவர் லிஃப்ட் இருக்கிறதா என்று முதலில் கேட்பார், அதற்குப் பிறகு சீட், எக்ஸாஸ்ட். கதவுப் படியில் உங்கள் பெயர் ஒளிரும் பட்டைக்கு யாரும் காசு தரமாட்டார்கள், கழற்றச் செலவு எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். ஃபாக்டரியிலிருந்து வந்த ஆப்ஷன் பட்டியலை ஆர்சியோடு பத்திரமாக வையுங்கள். வெளியில் போட்டவற்றை இன்சூரன்ஸில் தனியாகச் சொல்லி பிரீமியம் கட்டாவிட்டால் விபத்தின்போது அவற்றுக்குக் காசு வராது. ஃபிலிமும் அதில் சேர்த்தி.

ஷோரூம்ல ஒரு வண்டி ரெடியா நிக்குது, கலர் நான் கேட்டதே, நாளைக்கே தர்றேங்கறாங்க. ஆனா லிஃப்ட் இல்ல. எடுத்துடவா?

காத்திருப்பது கஷ்டம், தெரியும். ஆனாலும் மேலே சொன்ன டார்ச் சோதனையை அந்த வண்டியிலேயே, உங்கள் ராம்பிலேயே செய்துவிட்டு முடிவெடுங்கள். தட்டாமல் ஏறினால் தாராளமாக எடுங்கள்.

ஃப்ரேசர் டவுன்காரர் ஒருவர் சோதிக்காமல் இப்படித்தான் எடுத்தார். முதல் நாளே ராம்ப் உச்சியில் நின்றுவிட்டது. இப்போது வண்டி இந்திராநகரில் சித்தப்பா வீட்டுப் போர்டிகோவில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு ஆட்டோ பிடித்துப் போய்த்தான் 911-ஐ எடுக்கிறார்.